மடிப்பும் ஒளியும்: லே கிளின்ட் விளக்கையும் பழவேற்காட்டுப் பனையோலையையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தாளை மடித்து, அதன் நடுவே விளக்கை வைத்து, ஒளியை மென்மையாக்கும் கைவினை 20ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ்பெற்ற வடிவமைப்புப் பொருளாக உயர்ந்தது. டென்மார்க்கின் லே கிளின்ட் மடிப்பு விளக்கு அதற்குத் தலையாய சான்று. அவ்விளக்கு பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் வடிவமைப்பாளரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. மடித்த கை பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அவ்விளக்கின் உருவாக்க வரலாற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டின் பனையோலைக் கைத்தொழிலோடு ஒப்புநோக்குகிறது. மடிப்பு விளக்கின் வடிவம் வரைபடத்தில் மட்டும் இருப்பதன்று. மடிக்கும் செயலிலும் உறைந்துள்ளது என்பதையும், செய்வோரை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் மதிப்பிடும் திறனாய்வு பொருளின் பாதியையே காண்கிறது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மடிப்பு, கொய்சகம், விளக்குக் கூடு, பனையோலை, பழவேற்காடு, லே கிளின்ட், கைவினைத் திறனாய்வு

முன்னுரை

தமிழில் கைவினைப் பொருள்கள் குறித்த எழுத்து இருவகையாக அமைகிறது. ஒன்று, நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் பொருளையும் செய்முறையையும் பதிவு செய்வது. மற்றொன்று, அழிந்துவரும் தொழில் என்று இரங்கி, அரசின் உதவியை வேண்டுவது. இரண்டும் தேவையானவையே. எனினும், ஒரு கூடையை அல்லது விளக்கை எடுத்துக்கொண்டு, அது தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறதா, அதன் அழகு எங்கிருந்து பிறக்கிறது, அதற்கு உரியவர் யார் என்று கேட்கும் திறனாய்வு அரிதாகவே நிகழ்கிறது. கவிதைக்கும் சிற்பத்துக்கும் அளிக்கப்படும் அந்தக் கேள்விகள் கைவினைப் பொருளுக்கும் உரியவை என்ற கருத்தை இக்கட்டுரை முன்னெடுக்கிறது.

களமாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி கொள்ளப்படுகிறது. இங்குக் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழில் வளாகம் ஒருபுறமும், பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு மறுபுறமும் அண்மையில் அமைந்துள்ளன. ஒன்றில் இயந்திர உற்பத்தி. மற்றொன்றில் ஏரி, மீன்பிடி, பனை, ஓலை முடைதல். உற்பத்தியின் இருவேறு முறைகள் ஒரே வட்டாரத்தில் அருகருகே நிற்கும் இவ்விடம், ‘வடிவமைப்பவர் யார், செய்பவர் யார்’ என்ற கேள்வியை எழுப்புவதற்குப் பொருத்தமானது.

மடிப்பு: சொல்லும் பொருளும்

மடிப்பைக் குறிக்கத் தமிழில் சொல்வளம் உண்டு. மடி, மடிப்பு, சுருக்கு, கொசுவம், விசிறி என்பன இன்றும் வழங்குபவை. தையற்கடைகளில் ‘பிளீட்ஸ்’ என்ற சொல்லும் நிலைத்துவிட்டது. பழைய சொல்லாகிய கொய்சகம், ஆடையைச் சுருக்கி இடையில் செருகும் பகுதியைக் குறிப்பது. பூக்கொய்தலுக்கு வழங்கும் ‘கொய்’ என்னும் வினைக்கே, துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்தல் என்ற பொருளும் உண்டு. விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கும் செயல் இரண்டுக்கும் பொதுவாதலின் இப்பொருள் விரிவு இயல்பானதே. மடிப்பு என்பது முதலில் விரல்களின் வினை என்பதை இச்சொல் காட்டி நிற்கிறது.

சேலைக் கொசுவத்தின் அமைப்பு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. ஒரே அகலமுள்ள இணைமடிப்புகள் இடையில் ஒன்றுசேர்ந்து செருகப்படுகின்றன. கீழே அவை விரிகின்றன. மேலே ஒடுக்கம், கீழே விரிவு. எந்த வெட்டும் இல்லாமல் நீள்சதுரத் துணி கூம்பு வடிவம் பெறுகிறது. மடிப்பு விளக்கின் கூடும் இதே நெறியில் அமைவதே. இணையாக மடிக்கப்பட்ட நீண்ட தாளின் இருமுனைகளையும் இணைத்து, மேல் விளிம்பை நூலால் சுருக்கினால், கீழ்விளிம்பு தானே விரிந்து கூம்பாகும். நாள்தோறும் கொசுவம் வைக்கும் பெண்ணின் கைக்குப் பழகிய வடிவவியலே ஐரோப்பிய விளக்கில் வடிவமைப்புச் சாதனையாகப் பேசப்படுகிறது. இதனைச் சாதனையின் மதிப்பைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அறிவு எங்கெல்லாம் உறைகிறது என்பதைக் காட்டவே சொல்ல நேர்கிறது.

மடிப்பின் பயன் அழகு மட்டுமன்று. தட்டையான தாள் தன் எடையையே தாங்காது வளையும். அதே தாளை மடித்துவிட்டால் மடிப்பின் திசையில் வளைய மறுக்கும். கும்மிடிப்பூண்டி ஆலைக் கொட்டகைகளின் கூரையில் வேயப்படும் நெளிதகடும் இதே நெறியால்தான் மெல்லியதாக இருந்தும் விறைப்பாக நிற்கிறது. ஆகவே மடிப்பு விளக்குக்கு உள்ளே கம்பிச் சட்டம் தேவைப்படுவதில்லை. அலங்காரமாகத் தோன்றுவதே அங்குக் கட்டுமானமாகவும் இருக்கிறது.

ஒளியைப் பொறுத்தவரையும் மடிப்பு வினையாற்றுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் இரு முகங்கள் உள்ளன. ஒரு முகம் ஒளியை நேராக ஏற்க, மற்றது சாய்வாக ஏற்கிறது. முகடுகளில் தாள் நெருங்கிச் சேர்வதால் அங்கு ஒளி மங்குகிறது, சரிவுகளில் பரவுகிறது. கண்ணைக் கூசச் செய்யும் ஓர் ஒளிப்புள்ளி, ஒளியும் நிழலும் மாறிமாறி வரும் வரிசையாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

லே கிளின்ட் விளக்கின் உருவாக்கம்

டேனியக் கட்டடக் கலைஞர் பெடர் வில்ஹெல்ம் யென்சன்-கிளின்ட் (1853–1930) 1901ஆம் ஆண்டளவில் தாம் உருவாக்கிய மண்ணெண்ணெய் விளக்கொன்றுக்குக் கூடு தேவைப்பட்டபோது, தாளை மடித்து ஒன்றைச் செய்தார் என்பது அவ்விளக்கின் தொடக்க வரலாறு. கோபன்ஹேகனில் உள்ள கிருண்ட்விக் தேவாலயத்தை வடிவமைத்தவரும் அவரே. 1921இல் தொடங்கப்பட்ட அத்தேவாலயத்தை, அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன் கோரெ கிளின்ட் 1940இல் நிறைவு செய்தார். அதன் முகப்பு செங்குத்து வரிகளாக, இசைக்கருவியாகிய ஆர்கனின் குழல்களைப் போல எழுகிறது. செங்கல்லில் மடிப்பைக் கண்ட கண்ணே தாளிலும் கண்டது என்று ஒப்புமை காண்பது எளிது. ஆனால் அவ்வொப்புமை எல்லாவற்றையும் ஒரு தனிமனிதரின் கற்பனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விளக்கின் வரலாறு அவ்வாறு அமையவில்லை.

1901க்கும் 1943க்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மடிப்புக் கூடு நிறுவனப் பொருளாக இருக்கவில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் மடித்துச் செய்த பொருளாகவே அது வாழ்ந்தது. 1943இல்தான் யென்சன்-கிளின்ட்டின் மற்றொரு மகன் தாகே கிளின்ட் ஓடென்ஸே நகரில் இதனைத் தொழிலாகத் தொடங்கினார். விளக்கைத் தாங்கியில் பொருத்துவதற்கேற்ற கழுத்துப் பட்டை அமைந்ததும் அவராலேயே. நிறுவனத்துக்கு அவர் தம் மகள் லே கிளின்ட்டின் பெயரைச் சூட்டினார். மறு ஆண்டு, 1944இல், கோரெ கிளின்ட் 101 என்ற எண்ணால் அறியப்படும் உருண்டை விளக்கை வடிவமைத்தார். 1971இல் பவுல் கிறிஸ்டியான்சன் வடிவமைத்த 172ஆம் எண் விளக்கு, நேர்கோட்டு மடிப்பை விட்டு வளைகோட்டு மடிப்புக்குச் சென்றது.

இவ்வரலாற்றில் திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புகழ்பெற்ற மாதிரிகள் யாவும், நாற்பதாண்டுக் காலம் வீட்டில் நடந்த மடிப்புப் பழக்கத்தின் மேல் எழுந்தவை. எந்தத் தாள் மடிப்பைத் தாங்கும், எந்த இடைவெளியில் மடித்தால் கூடு சரியாது, மேல்விளிம்பை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பன கைகளால் கண்டறியப்படுபவை. கழுத்துப் பட்டை என்ற சிறு மாற்றம் அழகியல் கொள்கையிலிருந்து பிறந்ததன்று. பொருத்தும்போது எழும் சிக்கலிலிருந்து பிறந்தது. இன்றும் மடிப்புக் கோடுகள் முதலில் தாளில் அழுத்திப் பதிக்கப்பட்டு, பின்னர்க் கையாலேயே மடிக்கப்படுகின்றன. தாள் பின்னாளில் நெகிழித் தாளாக மாறியபோதும் கை மாறவில்லை.

மதிப்பீட்டு நிலையில், 101ஆம் எண் விளக்கே இம்மரபின் நிறைவான படைப்பு எனலாம். நேர்மடிப்புகளைக் குறுக்கு மடிப்புகள் சந்திக்க, மேற்பரப்பு சாய்சதுர முகங்களாகப் பிரிகிறது. உருண்டை வடிவம் மடிப்பிலிருந்தே கிடைக்கிறது. உருண்டையாகச் செய்துவிட்டு மடிப்பை மேலே ஒட்டியதாகத் தோன்றவில்லை. 172ஆம் எண் விளக்கு அதனினும் துணிச்சலானது. வளைகோட்டில் மடிக்கும்போது கோட்டின் இருபுறமும் தாள் எதிரெதிராக வளைய வேண்டியிருப்பதால் அம்மடிப்பு கைக்குக் கடினமானது. ஆனால் அதன் அலைவடிவம் விளக்கு அணைந்திருக்கும்போதும் சிற்பமாகக் கண்ணை இழுக்கிறது. விளக்காகவும் சிற்பமாகவும் இருக்க முயலும் அதன் விருப்பம், 101இல் காணப்படும் அடக்கத்தைச் சற்று இழக்கச் செய்கிறது. ஒன்று கவனிக்கத்தக்கது: 172இன் வடிவத்தை வரைந்தவர் ஒருவர்; அதனை ஒவ்வொரு முறையும் சாத்தியமாக்குவோர் மடிப்போர்.

அகாரியும் இன்-எய்யும்

மடிப்பு விளக்கின் வேறிரு பாதைகள் சப்பானில் அமைந்தன. 1951இல் சிற்பி இசாமு நொகுச்சி கிஃபு நகருக்குச் சென்றபோது, அவ்வூரின் காகித விளக்குத் தொழிலுக்குப் புத்துயிர் அளிக்குமாறு நகரத் தலைவர் வேண்டினார். மூங்கில் வரிச்சுகளை மர அச்சின்மேல் சுற்றி, முசுக்கட்டை இனத்து மரப்பட்டையால் ஆன தாளை ஒட்டி, அச்சைக் கழற்றிவிடும் பழைய முறையை அவர் மாற்றவில்லை. வடிவத்தை மாற்றி, மின்விளக்கைப் பொருத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் விரிந்த அவ்வரிசைக்கு ‘அகாரி’ எனப் பெயரிட்டார். ஒளி என்பதோடு எடையின்மை என்ற குறிப்பையும் தருவதாக அவர் அச்சொல்லைக் கொண்டார். 1986இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவ்விளக்குகளைச் சிற்பங்களோடு வைத்துக் காட்டினார்.

2012இல் ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே, இத்தாலிய விளக்கு நிறுவனமான ஆர்ட்டெமிடேவுடன் இணைந்து ‘இன்-எய்’ என்னும் வரிசையை வெளியிட்டார். பயன்படுத்திய நெகிழிப் புட்டிகளிலிருந்து பெற்ற இழைத்துணி, கணினி அறிவியலாளர் ஜூன் மிதானியின் வடிவக் கணிப்பின்படி மடிக்கப்பட்டது. உள்சட்டம் இல்லாமல் மடிப்பே விளக்கைத் தாங்கியது. பெயருக்கு நிழல் என்பது பொருள். ஜுனிச்சிரோ தனிசாகி 1933இல் எழுதத் தொடங்கிய நிழலின் அழகு பற்றிய கட்டுரையை அது நினைவூட்டுகிறது.

மூன்று மரபுகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு படிநிலை தெரிகிறது. லே கிளின்ட்டில் மடிப்பறிவு குடும்பத்திலிருந்து தொழிற்கூடத்துக்குச் சென்றது. அகாரியில் ஊரின் தொழிலறிவுடன் வெளியிலிருந்து வந்த கலைஞர் உடன்பாடு கண்டார். இன்-எய்யில் மடிப்பறிவின் பெரும்பகுதி கணக்கீட்டுக்குள் சென்றது. படிப்படியாகக் கையிலிருந்து கணினிக்கு நகரும் இப்பாதையை முன்னேற்றம் என்று மட்டும் வாசிப்பது குறைபாடுடையது. நொகுச்சி தம் விளக்குகளின் வெற்றிக்குக் கிஃபுவின் முறையைச் சார்ந்திருந்தார். ஊர் இல்லாவிட்டால் அகாரி இல்லை. ஆயினும் விளக்கின் மேல் நிலைத்த பெயர் ஒன்றே.

பனையோலை: இயற்கையின் மடிப்பு

பழவேற்காட்டுக்கு வருமுன் பனையோலையின் இயல்பைக் காண வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையின் ஓலை, குருத்திலேயே மடிந்து பிறக்கிறது. விரியாத குருத்து, இறுக மடிக்கப்பட்ட விசிறியைப் போல நிற்கும். வளர வளர மடிப்புகள் நெகிழ்ந்து விரியும். முற்றிய ஓலையிலும் மடிப்புத் தடம் மறைவதில்லை. காற்றையும் தன் எடையையும் தாங்கி அகன்ற ஓலை நிற்பதற்கு அம்மடிப்பே காரணம்.

தமிழர் வாழ்வில் இம்மடிப்பு இருவகையாகக் கையாளப்பட்டது. எழுதுவதற்குரிய ஏடு செய்கையில் ஓலையின் ஒவ்வோர் இதழும் தனித்து நறுக்கப்பட்டு, நடு ஈர்க்கு நீக்கப்பட்டு, தட்டையாக்கப்பட்டது. மடிப்பை அழித்த பின்னரே எழுத்து வந்தது. விசிறியிலும் பதநீர் பருகும் பட்டையிலும் மடிப்பு காக்கப்பட்டது. பதநீர்ப் பட்டையில் ஓலையின் இருமுனைகளும் கொய்து கட்டப்பட, நடுப்பகுதி குழிந்து நீர்மத்தைத் தாங்குகிறது. பசை இல்லை, தையல் இல்லை, சில நொடிகளில் முடியும் வேலை. தமிழ் ஆய்வுலகம் ஏட்டைப் போற்றிக் காத்தது. பட்டையைக் குடித்தபின் எறிந்தது. எழுத்து நிலைபேறுடையது, பட்டை அன்றாடப் பயனுடையது என்ற வேறுபாடு இதற்குக் காரணமாகலாம். எனினும் வடிவறிவு என்ற அளவில் இரண்டும் ஒரே மரத்தின் ஒரே ஓலையைப் படித்த அறிவே.

பனையோலைக்கும் ஒளிக்கும் உள்ள உறவும் பழையது. திருக்கார்த்திகையில் கோயில்முன் எரிக்கப்படும் சொக்கப்பனையும், பனம்பூக் கரியால் பொறி பறக்கச் சுற்றப்படும் மாவலியும் அவ்வுறவின் வடிவங்கள். ஆனால் அவற்றில் பனை தானே எரிபொருள். ஓலை ஒளியைத் தாங்கும் கூடாக அமைவதற்கு நெருப்பின் அச்சமே தடையாக இருந்தது. குமிழ் மின்விளக்கும் தான் ஏற்கும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக வெளியிடுவது. 2015இல் நடுவணரசின் உஜாலா திட்டம் தொடங்கியபின் வீடுகளில் வேகமாகப் பரவிய எல்இடி விளக்கு இத்தடையைப் பெரிதும் குறைத்துள்ளது. மேலும் எல்இடி ஒளி சிறுபுள்ளிகளிலிருந்து கூர்மையாக வருவதால், அதற்கு ஒரு கூடு முன்பைவிட இன்று தேவைப்படுகிறது.

மடிப்பின் வகையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஐரோப்பியத் தாள் மடிப்பு இணைமடிப்பு. அதனைக் கூம்பாக்க மேல்விளிம்பைச் சுருக்க வேண்டும். பனையோலை மடிப்போ காம்பில் ஒடுங்கி விளிம்பில் அகலும் ஆரைமடிப்பு. கூம்பு அங்கு இயல்பாகவே உள்ளது. ஆனால் தாளைப் போல ஓலை ஒளியை எளிதில் ஊடுருவ விடுவதில்லை. ஆகவே லே கிளின்ட் விளக்கை ஓலையில் படியெடுப்பது தவறான வழி. தாள் விளக்கில் ஒளி முகத்தின் ஊடாக வருகிறது. ஓலை விளக்கில் ஒளி முகத்தின்மேல் வழுக்கி, இடைவெளிகளின் வழி வெளியேற வேண்டும். பொருள் மாறினால் வடிவத்தின் தருக்கமும் மாறும் என்பது கைவினைத் திறனாய்வின் அடிப்படை விதி.

பழவேற்காட்டு ஓலைத்தொழில்

சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை நிறுவினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகத்துக்கு இவ்வூரே மையம். இங்கிருந்து கீழை நாடுகளுக்குச் சென்ற கட்டம் போட்ட துணி இவ்வூர்ப் பெயரையே பெற்றது; மலாய் மொழியில் இன்றும் அவ்வகைக் கைலி ‘பெலேக்காட்’ எனப்படுகிறது. ஊரின் பெயர் கடல் கடந்தது. நெய்தவரின் பெயர் கடக்கவில்லை.

இன்று அவ்வூரின் அறியப்பட்ட கைத்தொழில் பனையோலை முடைதல். இதனைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் இசுலாமியப் பெண்கள் பலர். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சீரான பட்டைகளாகக் கிழித்து, கொதிக்கும் சாயநீரில் நிறமேற்றி, பெட்டி, கூடை, தட்டு, கைப்பை எனப் பலவாக முடைகின்றனர். வீட்டு வேலைகளுக்கு இடையே, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலாதலின் அது பெண்களின் தொழிலாக நிலைத்தது.

இத்தொழிலின் அழகியலை மதிப்பிடுகையில் முதலில் புலப்படுவது, அது மடிப்பை மறைத்துவைக்கும் கலை என்பதே. ஓலை பட்டையாகக் கிழிக்கப்பட்டு இயற்கை மடிப்பு நீங்குகிறது. ஆனால் முடைகையில் ஒவ்வொரு விளிம்பிலும் பட்டை மடிந்து திரும்புகிறது. பெட்டியின் மூலை உறுதியாக நிற்பது அம்மடிப்பால்தான். மூடி இறுக்கமாகப் பொருந்துவதும், திறக்கும்போது சிக்காமல் வருவதும் அளவுகோலால் அன்றிக் கையளவால் முடிவாகின்றன. ஒரு பெட்டியின் தரத்தை அறிய அதன் நிறக்கோலத்தைப் பார்ப்பதைவிட அதன் மூலையைத் தடவிப் பார்ப்பதே முறை. லே கிளின்ட் கூட்டின் கழுத்தில் உள்ள அறிவும் பழவேற்காட்டுப் பெட்டியின் மூலையில் உள்ள அறிவும் ஒரே இனத்தவை.

வேறுபாடு, அவ்வறிவைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. ஓடென்ஸேயில் மடிப்பறிவுக்கு ஒரு கூடம், ஒரு பெயர், பயிற்சி, எண்ணிட்ட மாதிரிகள், ஆவணம் ஆகியன வாய்த்தன. பழவேற்காட்டில் அறிவு தாயிடமிருந்து மகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் செல்கிறது. மாதிரிக்கு எண் இல்லை. உருவாக்கியவர் யார் என்ற பதிவு இல்லை. இந்நிலையில் ஒரு பெண் புதிதாகக் கண்ட மூடி அமைப்பு, ஊரின் பொதுச்சொத்தாகக் கலந்துவிடுகிறது. பகிர்வு என்ற அளவில் அது உயர்ந்த பண்பே. ஆனால் வெளியிலிருந்து வரும் ஒருவர் அதே அமைப்பைத் தம் பெயரில் வெளியிட்டால், அதனை மறுக்க ஊரிடம் சான்று இராது.

இல்லாத பெருமையைக் கைத்தொழிலுக்கு ஏற்றிச் சொல்வதும் திறனாய்வாகாது. ஓலை ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். மடிப்புகளில் தூசு தங்கும். கடலோர வீட்டில் சன்னல் திறந்திருக்கும், மின்விசிறி சுழலும், தொங்கும் கூடு ஆடும், ஈசல் வரும், பல்லியும் வரும். நெடுங்குளிர்கால இருளுக்காக, மூடிய அறைக்குள் உருவான டேனிய விளக்கு இச்சிக்கல்களைச் சந்தித்ததில்லை. தமிழ்ச் சூழலுக்கான மடிப்பு விளக்கு, தூசு தட்ட எளிதாகக் கழற்றக்கூடியதாகவும், கெட்ட ஓலையை மட்டும் மாற்றக்கூடியதாகவும் இருந்தாலன்றி அது வரவேற்பறையின் காட்சிப் பொருளாகவே முடியும். ‘கையால் செய்தது’ என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு விளக்கைப் பாராட்டுவது, செய்தவரைத் திறனாளராக மதியாமல் இரக்கத்துக்குரியவராக்குவதாகும்.

பெயர் யாருக்கு?

விளக்கோடு பெயரைப் பொறிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரின் கோயில் உட்படப் பல கோயில்களில் நந்தா விளக்குக் கொடைக் கல்வெட்டுகள் மிகுதி. விளக்கெரிக்க நெய் தருவதற்காக அளிக்கப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கை, நெய்யின் அளவு, கொடையாளர், அவர்தம் ஊர் ஆகியன அவற்றில் விரிவாக இடம்பெறும். விளக்கை வார்த்த கன்னானின் பெயர் அவற்றில் இடம்பெறுவது அரிது. ஒளிக்குப் பொருள் தந்தவர் நினைக்கப்பட்டார். ஒளிக்கு உரு தந்தவர் நினைக்கப்படவில்லை. இக்கால விளக்கில் கொடையாளரின் இடத்தை வடிவமைப்பாளர் பெற்றுள்ளார். செய்பவரின் இடம் மாறவில்லை.

இன்றைய சட்டமும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம், முடிவுற்ற பொருளில் கண்ணால் கண்டு மதிப்பிடத்தக்க வடிவக்கூறுகளை மட்டுமே வடிவமைப்பு என வரையறுக்கிறது. கட்டுமான முறையும் நெறியும் அவ்வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. பதிவுசெய்த வடிவத்துக்கு முதலில் பத்தாண்டும், நீட்டிப்பாக ஐந்தாண்டும் காப்பு கிடைக்கும். அதாவது, மடிப்பால் விளைந்த தோற்றத்துக்குக் காப்புண்டு. மடிக்கும் முறைக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் மறுமுனையில் நிற்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகச் செய்வோரைப் பதிவு செய்யவும் வழிவகுக்கிறது. ஆயினும் அப்பதிவு ஊர்ப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையையே தருகிறது. ஒருவர் கண்ட புதுமையை அவருடையதாக ஏற்பதில்லை. ஒரு சட்டம் வரைந்தவரைக் காண்கிறது. மற்றொன்று ஊரைக் காண்கிறது. இரண்டுக்கும் இடையில், தன் விரல்களால் வடிவத்தைத் திருத்திக்கொண்டே செல்லும் பெண் காணப்படாமல் போகிறாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அண்மை இச்சிக்கலுக்கு ஒரு கூடுதல் பொருளைத் தருகிறது. ஆலையில் வரைபடம் வேறு, உற்பத்தி வேறு. தொழிலாளி வரைபடத்திலிருந்து விலகுவது பிழை. ஓலை முடைதலில் விலகலே அறிவு. ஒவ்வோர் ஓலையும் அகலத்திலும் விறைப்பிலும் வேறுபடுவதால், கை ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியுள்ளது. கைவினைஞரிடம் முடிந்த மாதிரியைக் கொடுத்து, இத்தனை உருப்படி வேண்டும் என்று கேட்கும் வடிவமைப்பு முறை, பழவேற்காட்டை ஒரு சிறிய ஆலையாகவே கருதுகிறது. அங்கே வாங்கப்படுவது விரலின் வேகம். விடப்படுவது விரலின் அறிவு.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. மடிப்பு விளக்கில் அலங்காரமும் கட்டுமானமும் பிரிக்கவியலாதவை. ஆதலால் அதன் வடிவத்தை மடிக்கும் செயலிலிருந்து பிரித்து மதிப்பிட இயலாது. லே கிளின்ட்டின் வரலாறே, புகழ்பெற்ற மாதிரிகளுக்கு முன் நாற்பதாண்டுக் கைப்பழக்கம் இருந்ததைக் காட்டுகிறது. பனையோலை இயற்கையிலேயே மடிப்புடையது. அதற்குரிய விளக்கு வடிவம் தாள் விளக்கின் படியாக அன்றி, ஓலையின் தன்மையிலிருந்தே உருவாக வேண்டும். அதனை உருவாக்கத் தகுதியான அறிவு ஓலையை நாள்தோறும் கையாள்வோரிடமே உள்ளது.

எனவே வடிவமைப்பாளர்களும் கைவினைஞர்களும் இணைந்து செய்யும் முயற்சிகளில், உருவான ஒவ்வொரு மாதிரிக்கும் எண்ணும் ஆண்டும் இடுவதோடு, முதல் வடிவைச் செய்த கையின் பெயரும் அவரது இசைவுடன் பதிவாக வேண்டும். இதற்குப் பெரும் செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். தமிழ்த் துறைகள் ஓலைச்சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தொகுத்த பழக்கமுடையவை. ஓலைப்பொருள்களுக்கும் அத்தகைய அட்டவணையைத் தொகுக்கும் பணி அவற்றுக்குப் புதிதன்று.

குன்றின்மேலிட்ட விளக்கையும் குடத்திலிட்ட விளக்கையும் எதிரெதிராக நிறுத்துவது தமிழ் வழக்கு. மடிப்பு விளக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: மறைப்பதாலேயே ஒளியைக் கண்ணுக்கு இதமாக்குவது. அந்த மறைப்பு விளக்குக்குப் பொருந்தும். அதனைச் செய்தவருக்குப் பொருந்தாது.